வடக்குச் சன்னல்காரரின் பறவை ஏலம்

நிறத்தை அவரைப்போல் பூஜித்தவரும் கிடையாது, அவரைப்போல் சந்தேகப்பட்டவரும் கிடையாது. போடிநாயக்கனூரில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரைக்குப் போகிற ரயிலில் ஏறி, அது நின்று நின்று மூச்சு வாங்குகிற அத்தனை ஊரிலும் இறங்கி விசாரித்தாலும் சன்னல்காரர் மாதிரி இன்னொரு ஆள் அகப்பட்டிருக்கமாட்டார். இதை நான் அடித்துச் சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்கு ஓர் உரிமையும் உண்டு. அது என்ன உரிமை என்பது போகப்போகத் தெரியும்.

எழுபதுகளில் நான் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மலையில் பறித்து, அங்கேயே ஸ்டோரில் சூடு காட்டி உலர்த்திய காய் மூட்டை மூட்டையாக ஜீப்பில் வந்து இறங்கும். அதைத் தரம் பிரித்து, சாம்பிள் எடுத்து, ஏலத்துக்கு அனுப்பவேண்டும். ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் மானம், மரியாதை எல்லாம். பச்சை ஒரு பொட்டு வெளுத்தால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பச்சையைப் பார்த்து இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று தீர்ப்புச் சொல்கிற பெரிய உத்தியோகம் அவருடையது. மண்டியின் வடக்குப் பக்கம் ஒரு சன்னல் இருந்தது. வெயில் நேராக விழாத அந்த வெளிச்சத்தில்தான் காயைப் பார்ப்பார். மற்ற மூன்று திசையும் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் ஊர் அவரைச் சன்னல்காரர் என்றது. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

காயோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் வடக்கு வெளிச்சம் வேண்டும். ஒரு பொங்கலுக்கு மனைவிக்குச் சேலை எடுக்கப் போனவர், கடைக்காரரிடம் முதலில் கேட்டது விலையை அல்ல, வடக்கு எந்தப் பக்கம் என்பதை. அந்தக் கடைக்கு வடக்கே சன்னல் இல்லை. சேலையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த சைக்கிள் கடைக்குள் நுழைந்து, பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரை நகரச் சொல்லி, அங்கிருந்த சன்னலில் விரித்துப் பார்த்தார். சேலையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அதையே வாங்கிவந்து, கிரீசின் நிறமும் கலப்படமில்லாத நிறம்தான் என்று மனைவியைச் சமாதானப்படுத்தினார். அந்த அம்மா சமாதானம் ஆகவில்லை.

இன்னொரு முறை அவருக்குக் காமாலையோ என்ற சந்தேகத்தில் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்க வந்தார். டார்ச் வெளிச்சமே மஞ்சள், அது எல்லாரையும் காமாலைக்காரனாக்கிவிடும் என்று டாக்டரின் கையைப் பிடித்துச் சன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் பிறகு அந்த வீட்டுக்கு வரவே பயந்தார்.

அவர் தோளில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு கிடக்கும். வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கொண்டுவருகிற தைரியசாலிகள் அந்தக் காலத்தில் உண்டு. இவர் ஒரு பிடி காயை அந்தத் துண்டில் சுருட்டி உருட்டுவார். துணியில் பச்சை ஒட்டினால் ஒரு வார்த்தை திட்டமாட்டார். துண்டை மண்டி வாசல் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். சாயங்காலத்துக்குள் அது யாருடைய காய் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவர் அடுத்த வாரம் முழுக்கச் சந்து வழியாகத்தான் நடப்பார்.

இப்படி நிறத்தின் நீதிபதியாக இருந்தவரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது ஒரு பனங்காடையின் இறகு. அவர் வீட்டு மாடியில், காலேஜில் விலங்கியல் நடத்துகிற வாத்தியார் ஒருவர் குடிவந்தார். தங்கமான மனிதர், பறவைப் பைத்தியம். ஒருநாள் கீழே கிடந்த பனங்காடை இறகு ஒன்றை எடுத்துவந்து, இந்த நீலம் இருக்கிறதே, இதில் நீலச் சாயம் என்று ஒரு சொட்டுக் கிடையாது, இறகின் உள்ளமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது, அரைத்தால் போய்விடும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார்.

சன்னல்காரருக்கு இது நெஞ்சில் மிதித்தது போல் ஆகிவிட்டது. காலமெல்லாம் நிறத்தை நம்பிப் பிழைத்தவரிடம், நிறமே இல்லாமல் நிறம் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? இறகை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். மனைவி மசாலா அரைக்கிற அம்மியில் வைத்து நைசாக அரைத்தார். நீலம் போன இடம் தெரியவில்லை. பழுப்பாக, மூக்குப்பொடி மாதிரி ஒரு தூள்தான் மிச்சம். அதையும் வடக்குச் சன்னலில் வைத்துப் பார்த்தார். பழுப்பேதான். அன்றைக்கு வைத்த குழம்பில் பனங்காடை வாசம் அடிப்பதாக அவர் மனைவி சாதித்தார். அம்மியைப் புளி போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். இவரோ மண்டிக்கு வந்து எந்தக் காயைக் கொடுத்தாலும் பார்க்காமல், "இதுலயும் ஒண்ணும் இல்லையோ என்னவோ" என்று பெருமூச்சு விட்டார்.

பிறகு அவரே மாடி ஏறினார். ஏறியவர் இறங்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். மாங்குயிலின் மஞ்சள் அது தின்கிற பழத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் வருகிறது, சீக்குப் பிடித்த பறவைக்கு அந்த நிறம் சரியாக ஏறாது என்று வாத்தியார் சொன்னார். அப்படியானால் நல்ல நிறம் என்பது நல்ல உடம்புக்கு அத்தாட்சி. பெட்டை ஏன் பெரும்பாலும் மங்கலாக இருக்கிறது என்றால், முட்டைமேல் உட்காருகிறவள் கண்ணில் படக்கூடாது. சேவல் ஏன் பளபளக்கிறது என்றால், பெட்டை அதைத்தான் தேர்ந்தெடுக்கிறாள். கொஞ்சம் பளிச்சென்று இருந்த சேவலைப் பெட்டை எடுத்தாள், அதன் குஞ்சும் கொஞ்சம் பளிச்சென்று பிறந்தது, அந்தக் குஞ்சுகளிலும் பளிச்சென்றதையே அடுத்த பெட்டை எடுத்தாள். இப்படி நினைத்துப் பார்க்கமுடியாத காலம் நடந்து நடந்துதான் மயிலுக்கு அந்தத் தோகை வந்தது.

மறுநாள் மண்டியில் சன்னல்காரர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"அடேய், இது ஏலம்டா," என்றார். "சேவல்தான் சரக்கு. பொட்டைதான் யாவாரி. எறகுதான் சாம்பிளு. பொட்டை வந்து பாக்கும், பிடிச்சா எடுக்கும், பிடிக்கலைன்னா பறந்து போயிரும். சாயம் ஏத்துன சரக்கு அங்க செல்லாது. மயிலுக்குத் தோகை குடுத்தது யாருங்கிற? லச்சம் பொட்டை மயிலு நின்னு, வேணாம் வேணாம்னு தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுக் கடைசியில எடுத்த சரக்குடா அது."

எங்கள் முதலாளி முருக பக்தர். மயிலைப் படைத்தவன் முருகன், இதில் பெட்டைக்கு என்ன சோலி என்று கோபித்துக்கொண்டார். சன்னல்காரர் அசரவில்லை. முருகனும் பெட்டை மயில் பாஸ் பண்ணிய சரக்கைத்தான் வாகனமாக வாங்கியிருக்கிறார் என்று பதில் சொன்னார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரம் அவர் இவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு பறவையும் நிம்மதியாகப் பறக்க முடியவில்லை. குயிலில் ஆண் கன்னங்கரேல், பெட்டை புள்ளிபோட்டது என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். தேன்சிட்டு ஆண் சீசன் முடிந்ததும் மினுமினுப்பை உதிர்த்துவிட்டு மங்கிப்போகும் என்று தெரிந்ததிலிருந்து, கல்யாணமாகிச் சில வருஷமான ஆண்களை ஏற இறங்கப் பார்த்து, "சீசன் முடிஞ்சிருச்சோ" என்று கேட்க ஆரம்பித்தார். இதனால் மண்டியில் பல பேர் புதுச்சட்டை எடுத்தார்கள்.

போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவர்கள் அவரைக் கண்டாலே நிறுத்தாமல் ஓட்டப் பார்ப்பார்கள். மலைமேல் ஸ்டோரில் காய் பார்க்க அவர் போகும்போது, சாம்பிள் கட்ட நானும் கூடப் போவேன். ஜீப்பில் எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு கொண்டைஊசி வளைவில் காட்டுச்சேவல் ஒன்று ரோட்டைக் கடந்தது. கழுத்தில் மஞ்சள் பொட்டுகள் வெயிலில் மின்னின. இவர் டிரைவர் தோளைப் பிடித்து உலுக்கி ஜீப்பை நிறுத்தினார். ஏற்றத்தில் லோடோடு நின்ற ஜீப்பு பின்னால் நழுவியது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் போட்டேன். அந்த அமர்க்களத்தில் இவர் நின்றுகொண்டு, சேவல், பெட்டை, யாவாரி, ஏலம் என்று முழுப் பிரசங்கத்தையும் நடத்தி முடித்தார்.

அந்தப் பெண்களில் மாரியக்கா என்று ஒருவர். மலையிலேயே பாதி வாழ்க்கை கழித்ததால் பேச்சில் மலையாளம் ஊறியவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"எந்தா அண்ணே, கோழிக்குக் கேட்டுக் குடுக்கிற நாயமெல்லாம் சரி. ஒங்க மகளையும் இப்பிடித்தான் கேட்டுக் குடுப்பீகளா?"

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சன்னல்காரருக்கு வசந்தா என்று ஒரே மகள். கல்யாண வயது. ராசிங்காபுரத்தில் வசந்தாவின் தாய்மாமனுக்கு ஒரு மகன் இருந்தான். முறை மாப்பிள்ளை. அவன் இருக்க வேறு பேச்சே கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்தபோதே முடிவான சங்கதி. இது ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"கேப்பேன்," என்றார் சன்னல்காரர். "எம்மக வேணாம்னா வேணாந்தான்."

சாயங்காலம் ஜீப்பு கீழே இறங்குவதற்குள் அந்த வார்த்தை ராசிங்காபுரத்துக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் சில விஷயங்களுக்கு ரோடு வேண்டாம்.

தாய்மாமன் மறுநாளே வந்துவிட்டார். கிணறும் தோட்டமும் உள்ள சம்சாரி. வந்தவர் மச்சானோடு சண்டை போடவில்லை, நேராக அக்காவிடம் போய் உட்கார்ந்தார். என் மகனை எந்தச் சபையில் நிறுத்திச் சோதிக்கப் போகிறார் உன் புருஷன் என்று கேட்டார். அந்த அம்மா அழுதார். தம்பி பகைத்துக்கொண்டால் பிறந்த வீடு என்று சொல்ல அவருக்கு வேறு கதி இல்லை. தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணத்தை ஊர் கல்யாணமாகவே மதிக்காது. ஒரு பக்கம் மகளின் வார்த்தை, ஒரு பக்கம் மனைவியின் பிறந்த வீடு. நடுவில் இவர், தோளில் ஈரத் துண்டோடு.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். முறை மாப்பிள்ளையும் வரட்டும், இன்னும் இரண்டு பேரும் வரட்டும், வசந்தா பார்த்துச் சொல்லட்டும். என் மகன் வந்து நின்றாலே போதும் என்கிற நம்பிக்கையில் தாய்மாமன் சம்மதித்துவிட்டார். இரண்டாவது ஆள், மலையில் ஸ்டோர் வைத்திருந்தவரின் இளைய மகன். மூன்றாவது ஆளுக்குத்தான் திண்டாட்டம். சன்னல்காரர் மண்டியைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது.

"மட்டமான சாம்பிள் ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் தம்பி நல்ல சரக்கோட தரம் தெரியும். நீ வா."

இதுதான் நான் பெண் பார்க்கப் போன லட்சணம். அதைவிடப் பெரிய சிக்கல், அதுவரை அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மகளை எவன் கட்டுவான்? உறவு பார்த்ததில் தூரத்து வழியில் அவர் எனக்கு மாமா முறை ஆவார் என்று என் அம்மா கண்டுபிடித்தார். அந்த வாரம் முழுக்க நான் "அண்.. மாமா" என்றே கூப்பிட்டுத் திரிந்தேன். அவரும் "தம்.. மாப்ளே" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் வீட்டு வடக்குச் சன்னல் ஓரம், பாயில் நாங்கள் மூன்று பேர். எதிரே நாற்காலியில் வசந்தா. சொந்தபந்தமெல்லாம் சுவரோரம். பெண் காப்பித் தட்டோடு வந்து தலைகுனிந்து நிற்பதைத்தானே பார்த்திருப்பீர்கள்? அங்கே நாங்கள்தான் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். நான் பாய் தடுக்கியதில் காப்பி பாதி தட்டில் சிந்திவிட்டது. என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முறை மாப்பிள்ளை டெரிலின் சட்டையும் பவுடருமாக ஜம்மென்று இருந்தான். சன்னல்காரர் மெல்ல எழுந்து போய், ஈரத் துண்டால் அவன் கன்னத்தில் ஓர் இழு இழுத்தார். துண்டில் வெள்ளையாக ஒரு பட்டை. ஸ்டோர்க்காரர் மகன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அதைக் கழற்றச் சொல்லி, சன்னல் பக்கம் திருப்பி, அந்தக் காமாலை டாக்டரைப் போலக் கண்ணைப் பார்த்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். என்னிடம் பவுடரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை என் அம்மா முதல்நாள் ராத்திரி ஆசையாகத் துவைத்து நீலம் போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டார். வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த என் கழுத்தில் துண்டு பட்டதும், நல்ல கெட்டி நீலமாக ஒட்டியது.

பனங்காடையில் இல்லாத நீலம் என் சட்டையில் இருந்தது. சபையே சிரித்தது. நான் துண்டைப் பார்த்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சத்தமாகவே சிரித்தேன். வசந்தாவும் சிரித்தாள். சன்னல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாயம் போன சரக்கைப் பார்க்கிற முகம்தான்.

இப்போது மகள் பக்கம் திரும்பி, சொல்லும்மா என்றார். தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். வசந்தா தலையைக் குனியவில்லை.

"இன்னைக்கே சொல்லணுமாப்பா?"

தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்று ஆம்பிளைகளை உட்காரவைத்துவிட்டு யோசிக்கிறேன் என்கிறாளே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். பெரியவர்கள் எல்லாரும் சன்னல்காரரைப் பார்த்தார்கள். அவர் மனைவியும் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை வளைந்து பேசியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

"ஏலத்துக்கு வந்த யாவாரியே வேணாம்னு எந்திரிச்சுப் போகலாம் மாப்ளே," என்றார் தாய்மாமனைப் பார்த்து. "எம்மக யோசிக்கக் கூடாதா? அவ யோசிக்கட்டும். எம்புட்டு நாளானாலும் நான் காவலு."

தாய்மாமன் வெளியேறினார். அன்றைக்கு இந்த மனிதரைப் பார்த்து என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. காப்பியைத் தட்டில் சிந்திவிட்டு உட்கார்ந்திருந்தாலும், அந்தச் சபையில் நான் இருந்தேன் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் பெருமைதான்.

வசந்தா ஒரு பறிப்புக் காலம் முழுக்க யோசித்தாள். அத்தனை நாளும் சன்னல்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனைவி சோறு போடுவார், பேசமாட்டார். டீக்கடையில் இவர் நுழைந்தால் யாராவது சேவல் மாதிரிக் கூவுவார்கள். சாதிசனத்தில் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கே போய் அரைமணி நேரம் மயில் தோகையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். அதன்பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

அந்த நாட்களில் காலையில் மண்டிக்கு வந்ததும் என்முன் விறைப்பாக நின்று, எம்மக ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள் என்பார். காப்பிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவாய்? உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் யார் பக்கம் நிற்பாய்? டீச்சர் டிரெயினிங் படிக்கப் போனால் தடுப்பாயா? நான் பதில் சொல்வேன். அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டே வீட்டுக்குப் போவார். அதே கேள்விகள் மற்ற இருவருக்கும் போயின. ஸ்டோர்க்காரர் மகனிடமிருந்து பதிலே வரவில்லை. முறை மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் கல்யாணத்துக்குப் பிறகு பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினான். நான் மட்டும் ஒருநாள் துணிந்து, வசந்தாவுக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போனார். சரக்கு யாவாரியைக் கேள்வி கேட்டதை அவர் பார்த்ததில்லை.

கடைசியில் வசந்தா என் பெயரைச் சொன்னாள்.

என்னைவிட அதிர்ந்து போனவர் அவர்தான். முதல் தரத்தைத் தள்ளிவிட்டு, தரம் காட்ட வைத்த சாம்பிளை எடுத்துவிட்டாளே. பறவைக் கொள்கையே ஆட்டம் கண்டுவிட்டது. படபடவென்று மாடி ஏறினார். எல்லாப் பறவையும் நிறம் பார்ப்பதில்லை, பாட்டைப் பார்ப்பவை உண்டு, ஆட்டத்தைப் பார்ப்பவை உண்டு, கூட்டுக்குள் தலையை விட்டுச் சோதித்துவிட்டு ஆணை எடுப்பவை உண்டு என்று வாத்தியார் விளக்கினார். இறங்கி வந்தபோது பழைய தெம்பு திரும்பியிருந்தது. எம்மக இறகு பார்க்கிற சாதி இல்லை, அதுக்கும் மேலே என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் ஒருநாள் வசந்தாவிடம் காரணம் கேட்டேன். "நீலம் ஒட்டுனதும் நீங்களும் சேந்து சிரிச்சீக," என்றாள். அவ்வளவுதான் காரணம்.

கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் வருவாரா என்பதுதான் எல்லாருடைய கவலையும். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் வசந்தாவின் அம்மா, அதாவது என் அத்தை, யாரிடமும் சொல்லாமல் பஸ்சு ஏறி ராசிங்காபுரம் போய்வந்தார். கல்யாணத்தன்று விடியும்போது தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றிய சன்னல்காரரிடம், அக்கா வந்து சொன்னதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் மாலையோடு நின்றிருந்தேன்.

"'என்னைய நீங்க யாருமே கேக்கலை, பேசி முடிச்சுட்டு மடியில நிச்சயச் சேலைய வச்சீக. எம்மகளைக் கேட்டாக. அந்தச் சபையில நீ நிக்காமப் போயிராத'ன்னு அக்கா சொல்லுது மச்சான். இத்தன வருசம் கழிச்சு என்னையக் குத்திக் காட்டுது."

சன்னல்காரர் கையிலிருந்த செம்பு சாய்ந்தபடியே இருந்தது. தண்ணீர் தீர்ந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் எந்தப் பறவையைப் பற்றியும் பேசவில்லை. வந்தவர்களெல்லாம் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டுப் போனார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். அத்தை குத்துக்காலிட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என் மாமா சன்னல்காரர் நின்றுகொண்டிருந்தார். நின்ற விதம், பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் மூன்று பேரையும்விடப் பரிதாபம்.

"அன்னைக்கு ஒன்னையக் கேட்டிருந்தா, என்னைய எடுத்திருப்பியா?"

அத்தை திரும்பவில்லை. அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

மாமா தலையாட்டிவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ தகதகவென்று இருந்தது. "மாப்ளே, ஒங்க அத்தை யோசிக்கிறாக," என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவர் எண்ணெய் தடவித் தலை சீவியிருந்தார். அதுவரை யாரும் பார்க்காத காட்சி. அதற்கப்புறம் ஒருநாளும் சீவாமல் இருந்ததில்லை. வேட்டி வெளுப்பானது, மீசை ஒதுங்கியது. காப்பி போடக் கற்றுக்கொண்டு அத்தைக்கு முதல் டம்ளரைக் கொண்டுபோய் நீட்டினார். இறகு அரைக்க வேண்டுமென்றால் அம்மியைத் தொடாமல் மண்டிக்குக் கொண்டுபோனார். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்ததும், என்ன முடிவு பண்ணியிருக்கே என்று மெல்லக் கேட்பார். யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் என்பார் அத்தை. இவரும் சரி சரி, அவசரமில்லை என்று சொல்லிவிட்டுச் சட்டையை நீவிக்கொண்டு போவார். வசந்தா டீச்சரானாள், எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன, இந்த ஏலம் மட்டும் முடியவே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் மாமா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, அத்தையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடைசிவரைக்கும் பதில் சொல்லவே இல்லையா என்று.

 அத்தை சிரித்தார், சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"அதெல்லாம் அன்னைக்கு அண்டா தேய்க்கும்போதே முடிவு பண்ணிட்டேன் மாப்ளே. சொல்லியிருந்தா அவுக தலை சீவுறதை நிப்பாட்டியிருப்பாக."

அந்த மனிதருக்கு நான் மருமகன். இதைவிடப் பெரிய பட்டம் எதுவும் எனக்கு வேண்டியதில்லை.